மின்னணு ஆலையில் தாளும் தடமும்

ஒரு பொருள் எந்த மூலப்பொருளைக் கொண்டு, எந்த எந்திரத்தில், எந்த நாளில், எந்த ஷிப்டில் உருவானது என்பதை, அது ஆலையை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஐயமின்றிக் கண்டுசொல்லும் ஆற்றலுக்குத் தடமறிதல் என்று பெயர். மின்னணுத் தொழிலில் இவ்வாற்றல் நெடுங்காலம் தாள்களையே நம்பியிருந்தது. இன்று அது திரைகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் இடம்பெயர்ந்து வருகிறது. இம்மாற்றத்தைச் சிக்கன நடவடிக்கையாக, தாளுக்கும் அச்சுக்கும் ஆகும் செலவைக் குறைக்கும் வழியாகக் காண்போர் உளர். அப்பார்வை மாற்றத்தின் மிகச் சிறிய பயனையே பெரிதாக எண்ணுவதாகும். பதிவு, வேலை நடக்கும் கணத்திலேயே பிறக்கிறதா, அது பொருளோடு பிரியாமல் ஒட்டியிருக்கிறதா, வேலை செய்தவரும் அதைப் படிக்க முடிகிறதா என்னும் மூன்று கேள்விகளே அடிப்படையானவை.

வட சிலாங்கூரின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்ச் சமூகத்துக்கு இக்கேள்விகளுள் எதுவும் புதியதன்று. பத்தாங் பெர்ஜுந்தை என்று அந்நாளில் வழங்கிய, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரையடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இன்றைய மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரிடலைத் தொடங்கினார். அத்தோட்டத்தைச் சுற்றிலும் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் எனப் பரவியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நாள்தோறும் நடந்த நிர்வாகம் முழுவதும் எழுத்தைச் சார்ந்திருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர்கள் அழைக்கப்பட்டன; செக்ரோல் என்னும் வருகை, கூலிப் பதிவேட்டில் கிராணி என்னும் எழுத்தர் குறித்துக்கொண்டார்; வெட்டி முடித்துக் கொண்டுவந்த பால் நிறுக்கப்பட்டு, அதில் உள்ள உலர் ரப்பரின் அளவு மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் கணிக்கப்பட்டு, அந்த எண்ணும் பதிவேட்டில் ஏறியது. கூலி எவ்வளவு என்பதை அந்த ஏடு தீர்மானித்தது. ஆனால் அதை எழுதியவர் வேறு, அதனால் வாழ்ந்தவர் வேறு. எடையிலோ கணிப்பிலோ ஐயம் எழுந்தால் அதை எதிர்த்துக் காட்டுவதற்குத் தொழிலாளியின் கையில் தனிச் சான்று எதுவும் இருக்கவில்லை.

அதே தோட்டங்களில் மேலும் நுட்பமான முறை ஒன்றும் வழக்கத்தில் இருந்தது. செம்பனைக் குலையை அறுப்பவர் அதன் காம்பின் வெட்டுமுகத்தில் தம் எண்ணை எழுதி மேடையில் வைப்பார். கணக்கெடுப்பவர் அந்த எண்ணைப் பார்த்து, யார் எத்தனை குலை அறுத்தார், அவற்றுள் காய் எத்தனை, பழுத்தது எத்தனை என்று குறிப்பார். இங்கே அடையாளம் ஏட்டில் மட்டும் இல்லாமல் பொருளின் மீதே இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. குலை ஆலைக்குள் புகுந்து அவிக்கப்பட்டவுடன் அந்த அடையாளம் அழிந்துவிடும். ஆயினும் பழுது கண்டுபிடிக்கப்பட வேண்டிய இடம் வரை அது உடன் வருகிறது. மின்னணு ஆலைகள் பெருஞ்செலவில் நாடுவதும் இந்தத் தன்மையைத்தான்.

ரப்பர்த் துறையும் இவ்வழியில் ஒரு பெரும் பாய்ச்சலைக் கண்டது. புகையூட்டிய தாள் ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த பழைய வழக்கத்துக்கு மாற்றாக, 1965-இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் அறிமுகமானது. எஸ்.எம்.ஆர். எனப்படும் அத்திட்டத்தில் அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் முதலியவற்றின் அளவு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, ரப்பர் கட்டின் மீது தரமும் உற்பத்தி செய்த ஆலையின் அடையாளமும் குறிக்கப்பட்டன. ஐரோப்பாவில் டயர் செய்பவர் ஒருவர் குறையுள்ள கட்டைக் கண்டால், அது எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கேட்டு விடை பெற முடிந்தது. தடமறிதல் என்பது மின்னணுத் தொழில் இங்கு கொண்டுவந்து இறக்கிய புதுமை என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதனினும் வலுவான சான்று தேவையில்லை.

1971-இன் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டத்தை அடுத்து, 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸிலும், சிலாங்கூரின் சுங்கை வேயிலும் மின்னணு ஆலைகள் எழுந்தன. தோட்டப்புறத்து இளம்பெண்கள் பலர் ஆலைப் பேருந்துகளில் ஏறி இவ்வாலைகளின் உற்பத்தி வரிசைகளுக்கு வேலைக்குச் சென்றனர். செக்ரோலை விட்டு அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்திலும் தாள்களே காத்திருந்தன. ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியோடும் நிலையத்துக்கு நிலையம் பயணம் செய்த டிராவலர் அட்டை, வேலைமுறையைப் படத்துடன் விளக்கிய தாள், எந்திரத்துக்குப் பாகங்களை ஊட்டும் ஃபீடரில் ரீல் மாற்றிய நேரத்தைக் குறிக்கும் ஏடு, உலையின் வெப்பநிலைப் படிவம், பழுதுகளைக் கோடிட்டு எண்ணும் தாள், நிலைமின் கடத்தும் மணிக்கட்டுப் பட்டையை அன்றாடம் சோதித்ததற்கான கையொப்பம் என அவற்றின் வகை பல.

இத்தாள்கள் எங்கே வழுக்குகின்றன என்பதை அறிய, மின்சுற்றுப் பலகை உருவாகும் வழியைச் சுருக்கமாகவேனும் காண வேண்டும். வெற்றுப் பலகையின் மீது, துளைகள் வெட்டிய மெல்லிய உலோகத் தகட்டின் வழியாகச் சோல்டர் பசை அச்சிடப்படுகிறது. ரீல்களில் சுற்றிய சிறு பாகங்களை எந்திரம் எடுத்துப் பசையின் மீது வைக்கிறது. பலகை நீண்ட உலைக்குள் சென்று, பசை உருகி, ஆறி, இணைப்பு உறுதியாகிறது. பின்னர் ஒளிப்படச் சோதனையும் மின்சோதனையும் நடக்கின்றன. பாகம் வைக்கும் எந்திரம் ஒரு மணி நேரத்தில் பல்லாயிரம் பாகங்களை வைக்கவல்லது. அவ்வேகத்தில் ஓடும் வரிசையை மனிதர் பேனாவால் தொடர்ந்து எழுதிப் பின்பற்றுதல் இயலாது. எனவே எழுத்து ஷிப்ட் முடிவுக்குத் தள்ளப்படுகிறது. காலையில் செய்ய வேண்டிய சோதனைக்கான குறிகள் மாலையில் ஒரே மையில், ஒரே சாய்வில் விழுகின்றன. எழுதியவரை நேர்மையற்றவர் என்று இதனால் பழிப்பது நியாயமன்று. வேலையையும் பதிவையும் இரு வேறு காரியங்களாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் நேரம் ஒதுக்கிய அமைப்பே இக்குறையைப் பிறப்பித்தது.

இக்குறை மிகக் கூர்மையாகப் புலப்படும் இடம் ஈரப்பதத்தால் எளிதில் பாதிக்கப்படும் பாகங்களைக் கையாளும் இடமாகும். பிசின் உறையிட்ட சில்லுகள் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சுகின்றன. ஈரம் ஏறிய சில்லு 240 பாகை செல்சியசை ஒட்டிய உலைக்குள் செல்லும்போது, உள்ளிருக்கும் நீர் திடீரென ஆவியாகி, உறையின் அடுக்குகளைப் பிரிக்கவோ பிளக்கவோ செய்யும். தொழிலில் இதனைப் பாப்கார்ன் பழுது என்பர். ஜே-எஸ்டிடி-033 என்னும் பன்னாட்டுத் தரநிலை, அடைத்த பையைத் திறந்தபின் ஒரு பாகம் ஆலைத் தளத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று வரையறுக்கிறது. மூன்றாம் நிலைப் பாகத்துக்கு, வெப்பம் 30 பாகைக்கும் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கும் மிகாத சூழலில், 168 மணி நேரம். நான்காம் நிலைக்கு 72 மணி நேரம். அதற்கும் மேற்பட்ட நிலைகளுக்கு இன்னும் குறைவு. மலாக்கா நீரிணைக் கரையோரத்துக் காற்றின் ஈரத்தை அறிந்தவர்க்கு, குளிரூட்டி சில மணி நேரம் நின்றுபோனால் இக்கணக்கு எவ்வளவு விரைவில் குலையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

168 மணி என்பது தொடர்ச்சியான ஏழு நாள்தான். ஆனால் ஒரு ரீல் ஒருபோதும் தொடர்ச்சியாகத் தளத்தில் இருப்பதில்லை. திங்களன்று திறக்கப்பட்டு, ஆறு மணி நேரம் ஓடி, மீதி உலர்பெட்டிக்குத் திரும்பி, வியாழனன்று வேறு வரிசையில் வேறு ஷிப்டில் மீண்டும் ஏற்றப்படும். திறந்த நேரம், மூடிய நேரம் என்று ரீலின் மேல் ஒட்டிய சிறு சீட்டில் கையால் எழுதி, ஒவ்வொரு முறையும் கூட்டிக் கழித்து, மிச்சம் எத்தனை மணி என்று கணக்கிடுவது இரவு ஷிப்டின் நான்காம் மணியில் இருக்கும் ஆப்பரேட்டரிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. நேரம் கடந்துவிட்டதென்று தெரிந்தால் பாகத்தைச் சூளையில் உலர்த்த வேண்டும். தனிப் பாகமானால் 125 பாகையில் பல மணி நேரம் உலர்த்தலாம். நெகிழி ரீலில் இருப்பதை அவ்வெப்பத்துக்கு உட்படுத்த முடியாது, 40 பாகையளவில் பல நாள் உலர்த்த வேண்டும். ஒரு சிறு கூட்டல் பிழை பாகத்தையும் நாட்களையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. ரீலின் குறியீட்டை உலர்பெட்டி வாயிலிலும் ஃபீடரிலும் வருடும் அமைப்பில், கடிகாரம் தானே ஓடித் தானே நிற்கிறது. காலம் கடந்த ரீலை எந்திரம் ஏற்க மறுக்கிறது. ஆவணம் இங்கே பழுது நடந்தபின் காரணம் சொல்லும் சாட்சியாக மட்டும் நிற்காமல், பழுதைத் தடுக்கும் கதவாகவும் ஆகிறது. தாளால் ஒருபோதும் செய்ய இயலாத காரியம் இதுவே.

சோல்டர் பசைக்கும் இதே தர்க்கம் பொருந்தும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டி, அறை வெப்பத்துக்கு வரும் வரை திறக்கப்படக் கூடாது. முன்னதாகத் திறந்தால் பசையில் ஈரம் படிந்து, உலையில் சிறு உருண்டைகளாகச் சிதறும்.

அடுத்துப் பொருளின் அடையாளம். கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண்ணை அறிவர்; உலகில் ஒரு கருவிக்குரிய எண் மற்றொன்றுக்கு இருத்தலாகாது என்பது விதி. ஆலைக்குள் அதற்கு வெகு முன்னரே ஒவ்வொரு பலகையும் தன் எண்ணைப் பெறுகிறது. சதுரப் புள்ளிகளாலான டேட்டா மேட்ரிக்ஸ் என்னும் குறியீடு லேசரால் பொறிக்கப்படுகிறது அல்லது உலை வெப்பத்தைத் தாங்கும் பாலிமைடு சீட்டாக ஒட்டப்படுகிறது. அதன் ஒரு பகுதி கீறப்பட்டாலும் எஞ்சியதிலிருந்து எண்ணை மீட்கும் திருத்தக் கணிதம் அக்குறியீட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. பலகை எந்திரத்துக்குள் நுழையும்போது அந்த எண்ணும், அக்கணத்தில் ஃபீடர்களில் இருக்கும் ரீல்களின் எண்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. பலகையின் மரபுவழி என்று இப்பிணைப்பைச் சொல்லலாம்.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். மிகச் சிறிய மின்தேக்கிகள் பெரும்பாலும் ஒரு ரீலுக்கு 10,000 வீதம் வருகின்றன. ஒரு பலகைக்கு அவற்றுள் 20 தேவையெனக் கொண்டால், ஒரு ரீல் 500 பலகைகளுக்குப் போதும். நாளொன்றுக்கு 2,000 பலகை செய்யும் வரிசையில், குறிப்பிட்ட ஒரு ரீல் பழுதென்று பாகம் விற்றவர் அறிவித்தால், மரபுவழி பதிவாகியுள்ள ஆலை அந்த 500 பலகைகளை மட்டும் திரும்பப் பெறும். டிராவலர் அட்டையில் தொகுதியும் நாளும் மட்டும் எழுதிய ஆலை, அந்த நாளின் 2,000 பலகைகளையும், ரீல் மாறிய நாள் தெளிவாக இல்லையெனில் முன்பின் நாட்களின் ஆயிரங்களையும் சந்தேகிக்க வேண்டும். சந்தேகத்தின் வட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்பதே தடமறிதலின் அளவுகோல். அவ்வட்டத்துக்குள் பொருள்கள் மட்டுமன்றி மனிதரும் நிற்கின்றனர். பழுதுக்குக் காரணமான ரீலைச் சுட்டிக்காட்ட முடியாத ஆலையில், பழி அந்த ஷிப்டில் இருந்த ஆப்பரேட்டர் மீதே விழுகிறது.

தடமறிதல் எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதை 2016-இல் முதன்முதலாக வெளியான ஐ.பி.சி.-1782 என்னும் தரநிலை வகுத்துரைக்கிறது. மூலப்பொருளுக்கு நான்கு நிலைகளையும் செய்முறைக்கு நான்கு நிலைகளையும் தனித்தனியே அமைத்து, பொருளின் இடர்ப்பாட்டுக்கேற்ப விற்பவரும் வாங்குபவரும் உடன்பட்டுத் தேர்ந்துகொள்ளும்படி அது விடுகிறது. பொம்மையில் வைக்கும் பலகைக்கும் இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியில் வைக்கும் பலகைக்கும் ஒரே நுணுக்கம் வேண்டியதில்லை என்னும் இவ்வறிவு பாராட்டத்தக்கது. எல்லாவற்றையும் பதிவுசெய்க என்று ஆணையிடும் மேலாளர்கள், யாரும் திறந்து பாராத தரவுக் கிடங்குகளையே கட்டிவிடுகின்றனர்.

தடமறிதலால் இயலாததையும் சொல்லியாக வேண்டும். 2016 ஆகஸ்டில் வெளியான சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைப்பேசி தீப்பற்றியபோது, எந்தக் கருவியில் எந்த நிறுவனத்தின் மின்கலம் இருக்கிறது என்பது சாம்சங்குக்குத் தெரிந்திருந்தது. ஒரு வழங்குநரின் மின்கலங்களே காரணமென்று கொண்டு, செப்டம்பரில் ஏறத்தாழ 25 லட்சம் கருவிகள் திரும்பப் பெறப்பட்டு, மற்றொரு வழங்குநரின் மின்கலத்துடன் மாற்றுக் கருவிகள் அளிக்கப்பட்டன, அவையும் தீப்பற்றின. அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. 2017 ஜனவரியில் வெளியான ஆய்வு முடிவு, இரு வழங்குநரின் மின்கலங்களிலும் வெவ்வேறு காரணங்களால் பழுது இருந்ததைக் காட்டியது. பதிவு எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லும். என்ன நடந்தது என்பதைக் கண்டறிவது பொறியாளரின் பொறுமையான வேலை. மென்பொருள் விற்போர் இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டும்போது வாங்குவோர் விழிப்புடன் இருத்தல் நலம்.

திறன் பற்றிய பேச்சு இத்துறையில் மிகுதி. அதன் உண்மையான ஊற்றுகள் சிலவே. வடிவமைப்பில் திருத்தம் வரும்போது பழைய வேலைமுறைத் தாள் ஏதேனும் ஒரு நிலையத்தில் எஞ்சிவிடுவது தாள் ஆலையின் தீராத நோய். திரையில் ஒரே நேரத்தில் எங்கும் புதிய பதிப்பே தோன்றும். வரிசை நின்ற ஒவ்வொரு முறையும் காரணம் உடனுக்குடன் பதிவாவதால், நாளின் முடிவில் நினைவிலிருந்து எழுதிய பொதுவான விளக்கங்களுக்கு வேலையில்லை. ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு வரிசையை மாற்றும்போது, நூறு ஃபீடர்களை இருவர் நின்று தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த வேலை, வருடுதலால் விரைவதோடு உறுதியும் பெறுகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் எந்திரங்கள் ஒரே முறையில் செய்தி பரிமாற வழிசெய்யும் சி.எஃப்.எக்ஸ். என்னும் ஐ.பி.சி.-2591 தரநிலை 2019-இல் வந்தபின், சிறிய ஆலைக்கும் இவ்விணைப்பு முன்னிருந்த அளவு எட்டாததாக இல்லை.

ஆயினும் தாளற்றது என்று பெயர் பூண்ட ஆலைகள் பல உண்மையில் தாளைப் படமெடுத்து வைத்தவையே. ஆப்பரேட்டர் தாளில் எழுத, எழுத்தர் மாலையில் கணினியில் ஏற்ற, தாளின் பிழைகள் எல்லாம் அவ்வாறே இடம்பெயர, புதிய தட்டச்சுப் பிழைகளும் சேர்ந்துகொள்கின்றன. எக்செல் அட்டவணையில் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதினால் சுவடு ஏதும் எஞ்சாது. தாளில் அடித்து எழுதினால் அடித்த கோடாவது தெரியும். ஆகவே திருத்தத்தின் முன் மதிப்பு, பின் மதிப்பு, திருத்தியவர், நேரம் ஆகிய நான்கையும் அழியாமல் காக்கும் தணிக்கைச் சுவடு இல்லாத மின்பதிவு, தாளினும் தாழ்ந்ததென்றே கருதத் தகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் மின்பதிவுகளுக்கென வகுத்த பகுதி 11 என்னும் விதிகள், கணினி தானே நேரம் குறிக்கும் இத்தகைய சுவட்டை வற்புறுத்தின. மருத்துவக் கருவிகளை அந்நாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் அவற்றுக்கு உட்பட்டவை. மலேசியாவிலும் 1997-இன் மின்னெண் கையொப்பச் சட்டமும் 2006-இன் மின்வணிகச் சட்டமும் மின்பதிவுக்குச் சட்ட மதிப்பு அளித்துள்ளமையால், சட்டத்தைக் காரணங்காட்டித் தாளைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டிய நிலை பொதுவாக இல்லை.

இனி, தோட்டத்துச் செக்ரோல் விட்டுச்சென்ற கேள்வி. ஒவ்வொரு வருடலும் ஒரு மனிதரின் பெயரையும் நேரத்தையும் பதிக்கிறது. யார் எத்தனை வினாடி எடுத்தார், எத்தனை முறை நின்றார், யாருடைய கையில் எத்தனை பழுது என்பன எல்லாம் பொருளின் தடத்தோடு தாமே சேர்ந்துவிடுகின்றன. பொருளுக்காகத் திரட்டிய தடம் மனிதரை அளக்கும் கோலாக மாறுவதற்கு ஒரு மேலாளரின் விருப்பம் மட்டுமே போதும். 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழு கோட்பாடுகளுள், தம்மைப் பற்றிய தரவை அணுகித் திருத்தக் கோருவதும் ஒன்று. ஆலைகள் வழக்கு வரும்வரை காத்திராமல், இக்கோட்பாட்டை வரிசையின் திரையிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிவில் ஆப்பரேட்டர் தம் பெயரில் விழுந்த பதிவுகளைத் தாமே கண்டு, இந்தப் பழுது என் கைக்கு வருமுன்னரே இருந்தது என்று மறுப்புக் குறிக்கவும், அம்மறுப்பு அழியாமல் பதிவோடு நிற்கவும் வழியிருந்தால், அவர் அமைப்பை ஏமாற்ற முயலாமல் அதைத் திருத்த முற்படுவார். மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ், நேப்பாளி, வங்காளம் ஆகியவற்றிலும் திரை பேசுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை. தாளை ஐந்து மொழியில் அச்சிடுவதினும் அது எளிது.

2018 அக்டோபரில் வெளியான இண்டஸ்ட்ரி4டபிள்யூஆர்டி என்னும் மலேசியத் தொழில்துறைக் கொள்கையும், 2024 மேயில் அறிவிக்கப்பட்ட தேசியச் செமிகண்டக்டர் வியூகமும் பெரிய இலக்குகளைப் பேசுகின்றன. பின்னது 60,000 பொறியாளரைப் பயிற்றுவிப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. செம்பனைக் காடுகளின் நடுவே எழுந்த அவ்வளாகத்தைச் சுற்றியுள்ள தமிழ்ப்பள்ளிகளின் மாணவர்க்கு இத்துறை தொலைவானதன்று. ரவாங், செரண்டா போன்ற தொழிற்பகுதிகளில் ஐம்பது, அறுபது பேருடன் இயங்கும் சிறிய ஆலையை நடத்துவோர்க்கோ இவ்விலக்குகளை விடத் தொடங்கும் இடமே முதன்மையானது. முழு ஆலைக்குமான உற்பத்திச் செயலாக்க அமைப்பை, எம்.இ.எஸ். எனப்படும் பெருமென்பொருளை, ஒரே மூச்சில் வாங்குவது பெரும்பாலும் தவறு. உலர்பெட்டியிலும் குளிர்பெட்டியிலும் தொடங்குவதே சிறந்தது: அங்கே பொருள்கள் சில, விதிகள் தெளிவானவை, பிழையின் விலை உடனே தெரியும், வேண்டிய கருவியோ ஒரு வருடியும் ஒரு கணினியும் மட்டுமே. அது நிலைபெற்ற பின் ஃபீடரில் ரீல் சரிபார்த்தல். அதன்பின் பலகைக்குத் தனி எண். அந்த எண்ணைப் பசை அச்சிடுவதற்கு முன்பே, வெற்றுப் பலகையின் மீதே பதிக்க வேண்டும். உலைக்குப் பின் சீட்டு ஒட்டும் ஆலையில், பசையும் பாகமும் வெப்பமும் பலகையைச் சந்தித்த பகுதி முழுவதும் பெயரின்றிக் கழிந்துவிடுகிறது. பழுதுகளில் பெரும்பாலானவை பிறப்பதும் அப்பகுதியில்தான்.